வேலை பார்த்துக்கொண்டே பட்டம்: சிங்கப்பூரிலிருந்து மூன்று வழிகள்

வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதைத்தான். பதினெட்டு வயதில் அது பொருத்தமான கேள்வி. முப்பத்தைந்து வயதில், இரவு ஷிஃப்ட், பிள்ளையின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு படிக்கப் போகிறவருக்கு வேறு இரண்டு கேள்விகள் முக்கியம். இந்தச் சான்றிதழை நாளை யாரிடம் நீட்டப்போகிறீர்கள்? விரட்டுவதற்கு ஆளில்லாமல் உங்களால் படிக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் நேர்மையான பதில் கிடைத்துவிட்டால் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

தெரிந்தவர்களுக்கும் உறவினர்களுக்கும் விண்ணப்பம் நிரப்ப உதவி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டவர்களில் அறிவில்லாமல் விட்டவரை நான் பார்த்ததில்லை. தன் வாழ்க்கைக்குப் பொருந்தாத முறையைத் தேர்ந்தெடுத்ததால் விட்டவர்கள்தான் அதிகம்.

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர் ஒருவருக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. உள்ளூரில் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது எல்லாரும் எஸ்யுஎஸ்எஸ் என்று சொல்வது. இரண்டாவது, லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் பட்டம். மூன்றாவது, இந்தியாவின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைதூரக் கல்வியும். மூன்றும் ஒரே வகைக் கல்வி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்றுக்கொன்று நிறையவே வேறுபட்டவை.

உள்ளூர் வழி

எஸ்யுஎஸ்எஸ் வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து உருவானது. 1992இல், பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டப்படிப்புகளை நடத்தும் பொறுப்பை அரசாங்கம் சிங்கப்பூர் நிர்வாகக் கழகமான சிம்மிடம் தந்தது. 2005இல் அது யூனிசிம் ஆயிற்று. 2017இல் பெயர் மாறி, நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாக அரசாங்கத்தின் அரவணைப்புக்குள் வந்தது. அந்தப் பிரிட்டிஷ் திறந்தநிலை மரபு இன்றும் அதன் வேலைமுறையில் தெரிகிறது.

அந்த வேலைமுறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்ந்த பிறகுதான் பலருக்கு இது புரிகிறது. சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும். ஒவ்வொரு பாடத்துக்கும் படிப்பு வழிகாட்டி ஒன்று இருக்கும். அதை நீங்களே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்புகள் பெரும்பாலும் வார நாள்களில் இரவு ஏழிலிருந்து பத்து வரை, சில சனிக்கிழமைகளில். இணையம் வழியாக நடக்கும் வகுப்புகளும் உண்டு. இதற்கிடையில் டிஎம்ஏ என்னும் ஒப்படைப்பு வரும். பருவ இறுதியில் பாடத்துக்கேற்பத் தேர்வோ நீண்ட கட்டுரை ஒப்படைப்போ இருக்கும். டிஎம்ஏ சமர்ப்பிக்கும் கடைசி நேரம் இரவு 11.55. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்க வைத்து, பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து கடைசிப் பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, நள்ளிரவுக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஐந்து நிமிடங்களின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

இந்த நெருக்கடியைத்தான் நான் இதன் பெரிய பலம் என்பேன். பத்துப் பதினைந்து ஆண்டுகள் புத்தகத்தை மூடி வைத்தவருக்கு, அடுத்த புதன்கிழமைக்குள் இதை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் தேவைப்படுகிறது. உடன் படிப்பவர்களும் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், களைப்பைப் புரிந்துகொள்வார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆசிரியர் இருக்கிறார். அதனால் இதை முழுத் தொலைதூரக் கல்வி என்று எண்ணிச் சேர்வது தவறு. பாதி வகுப்பு, பாதி தனிப்படிப்பு.

குறை என்னவென்றால், குழு ஒப்படைப்புகள். பகல் வேலை பார்க்கும் மூவரும், துவாஸில் சுழல் ஷிஃப்டில் இருக்கும் ஒருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்போது, கூடிப் பேச நேரம் கிடைப்பதே பெரும்பாடு. துறைமுகத்திலும் மருத்துவமனையிலும் பாதுகாப்புத் துறையிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இதுதான் முதல் தடை. பருவத்துக்கு இரண்டு பாடங்களோடு தொடங்குவதே இவர்களுக்கு ஏற்றது. நான்கு ஆண்டில் முடிப்பதை ஆறு ஆண்டில் முடித்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தேசிய சேவைக்குப் பிந்தைய படைமுகாம் பயிற்சிக்கு அழைக்கப்படும் ஆண்கள் அந்த ஆண்டின் தேதிகளைத் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சேர்வதற்குப் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேலை அனுபவமோ முழுநேர வேலையோ இருக்க வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயமோ (டிப்ளோமா) மேல்நிலைத் (ஏ லெவல்) தேர்ச்சியோ அதற்கு இணையானதோ வேண்டும். சாதாரண நிலைத் தேர்வோடு (ஓ லெவல்) நின்றுவிட்டவர் நேரடியாக இங்கே வருவது கடினம். அவர் முதலில் பகுதிநேரப் பட்டயம் ஒன்றை முடிப்பதே நேர்வழி.

இனி பணம். இங்கேதான் குடியுரிமை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் மானியம் உண்டு. நிரந்தரவாசிக்குச் சலுகை அதைவிடக் குறைவு. வேலை அனுமதியில் இருப்பவர் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு நிலைமை இன்னும் சாதகமானது. நடுத்தர வயதினருக்கான கூடுதல் மானியம், தகுதியுள்ள படிப்புகளின் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை ஏற்றுக்கொள்கிறது. 2024 மே மாதத்திலிருந்து 40 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு குடிமகனுக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (திறன் மேம்பாட்டுத் திட்டம்) தொகை கணக்கில் வந்திருக்கிறது. அதற்குக் காலாவதி இல்லை. பகுதிநேரப் பட்டப்படிப்புகளுக்கும் பயன்படுத்தலாம். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தகுதியுள்ள படிப்பில் சேர்பவருக்கு மாதம் 3,000 வெள்ளி வரை, 24 மாதங்கள் வரை உதவித்தொகை கிடைக்கிறது. பகுதிநேரமாகப் படிப்பவருக்கு மாதம் 300 வெள்ளி என்று 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

இங்கே இரண்டு பழைய அறிவுரைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். படிப்புக் கட்டணத்துக்கு வருமான வரியில் 5,500 வெள்ளி வரை கழிவு கிடைக்கும் என்று அண்ணன்மார் இன்னும் சொல்கிறார்கள். 2026 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்தக் கழிவு இல்லை. மத்திய சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. சேமநிதிக் கல்வித் திட்டம் முழுநேர மானியப் படிப்புகளுக்கானது. பகுதிநேர மாணவருக்கு அது உதவாது.

எஸ்யுஎஸ்எஸ்ஸைப் பற்றிப் பேசும்போது அதன் தமிழ்மொழி, இலக்கியப் பட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. வேலை பார்த்துக்கொண்டே, மாலை வகுப்பில், சிங்கப்பூரிலேயே, சங்கப் பாடலிலிருந்து இக்கால இலக்கியம் வரை முறையாகப் படித்துப் பட்டம் பெற முடிகிறது என்பது சிறிய விஷயமில்லை. தமிழ் நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்கு வகுப்பறையில் ஆள் வேண்டும். துணைப்பாட வகுப்பு நடத்துபவர்கள், பாலர்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள், ஊடகத்திலும் மொழிபெயர்ப்பிலும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பொறியியல் பட்டயம் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பகுதிநேர பி.டெக் படிப்பும் உண்டு. அது மாலை வகுப்பு, தொலைதூரம் இல்லை. பொறியாளராகவே தொடர விரும்புபவர் முதலில் அங்கே விசாரிக்கட்டும்.

லண்டன் வழி

1858இல் விக்டோரியா அரசியின் சாசனத்தால், எங்கிருந்து படித்தாலும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது லண்டன் பல்கலைக்கழகம். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடி சட்டம் படித்ததும் இந்த ஏற்பாட்டில்தான். இத்தனை நீண்ட வரலாறு இருப்பதால் தொலைதூரப் பட்டம் என்று சொன்னாலும் இதை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. எந்தப் படிப்புக்கு எந்தக் கல்லூரி பொறுப்பு என்பதும் தெளிவாக இருக்கும்: பொருளியல், நிதி போன்றவற்றுக்கு லண்டன் பொருளியல் கல்லூரி, கணினி அறிவியலுக்கு கோல்ட்ஸ்மித்ஸ்.

சிங்கப்பூரில் இதைப் படிக்க இரண்டு விதம். சிம்மில் சேர்ந்து வகுப்புக்குப் போய்ப் படிக்கலாம். அப்படிச் செய்தால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டணம், கற்பிக்கும் நிலையத்துக்கு ஒரு கட்டணம் என்று இரண்டும் சேரும். தொலைதூரக் கல்வியின் மலிவு போய்விடும். அல்லது வகுப்பே இல்லாமல் நீங்களே படித்துத் தேர்வு எழுதலாம். செலவு குறைவு. ஆனால் பல பாடங்களில் ஓர் ஆண்டு முழுவதும் படித்ததை மே, ஜூன் மாதத் தேர்வு ஒன்றே தீர்மானிக்கும். இடையில் யாரும் உங்களைத் தட்டி எழுப்பமாட்டார்கள். பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் தேர்வாளர் குறிப்புகளும் கைக்கு வரும், அவ்வளவுதான்.

இந்த முறையில் வெற்றி பெறுபவர்களை எனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் படிப்பதை ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்பவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் லண்டன் வழி உயர்ந்தது. படிப்பில் சேர்ந்தால் பழக்கம் வந்துவிடும் என்று நம்பிச் சேராதீர்கள்.

முறையான கல்வித் தகுதி குறைவாக இருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வாசல் உண்டு. 2019இல் கோர்சேரா என்னும் இணையக் கல்வித் தளத்தின் வழியாகத் தொடங்கிய கணினி அறிவியல் பட்டத்தில், மேல்நிலைத் தேர்ச்சி இல்லாதவரும் தொடக்கப் பாடங்கள் சிலவற்றில் சேர்ந்து, அவற்றில் தேறிக் காட்டினால் முழுப் பட்டத்துக்குள் போகலாம். பதினாறு வயதில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து நாற்பது வயது மனிதரை எடைபோடாத ஏற்பாடு இது. ஆங்கிலமும் கணக்கும் ஓரளவு வரும், தொழில்நுட்பத்தில் ஆர்வம் உண்டு, பழைய தேர்வு முடிவுகள்தான் தடை என்பவர்கள் இதைத் தயங்காமல் விசாரிக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லண்டன் எல்எல்பியைத் தொலைதூரத்தில் படித்து இங்கே வழக்கறிஞராகிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அது நடக்காது. சிங்கப்பூர் வழக்கறிஞர் தொழிலுக்கு ஏற்கப்படும் வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களின் பட்டியலில் வெளிநிலை மாணவராக, அதாவது தொலைதூரத்தில் படித்துப் பெற்ற பட்டம் இல்லை. நிறுவன ஒப்பந்தங்களைக் கவனிக்கும் வேலை, மனிதவள வேலை, சட்ட நிறுவனத்தில் துணைப்பணி ஆகியவற்றுக்கு அது உதவும். நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால், 2017இல் தொடங்கிய எஸ்யுஎஸ்எஸ் சட்டப் பள்ளியின் பகுதிநேரப் படிப்பைப் பாருங்கள். குடும்பச் சட்டம், குற்றவியல் சட்டம் இரண்டிலும் ஆள் தேவை என்பதற்காகவே அது ஏற்படுத்தப்பட்டது.

கணக்கியல் படிக்க விரும்புபவர்களுக்கு எப்போதும் நான் சொல்வது, பட்டம்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள் என்பது. ஏசிசிஏ என்னும் தொழில்முறைக் கணக்காளர் தகுதிக்கான தேர்வுகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை நடக்கின்றன. அடிப்படைத் தகுதி இல்லாதவரும் அதன் தொடக்கநிலையிலிருந்து ஏறி வரலாம். ஒரு பாடத்தில் தவறினால் மூன்று மாதத்தில் மறுபடி எழுதலாம்.

இந்திய வழி

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே கைக்கெட்டுகிறது. இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981 முதல் இயங்குகிறது. கட்டணத்தைச் சிங்கப்பூர்க் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது; ஒரு சிறு பங்குதான். தமிழ்வழியில் படிக்கும் வாய்ப்பும் உண்டு.

ஆனால் மூன்று வழிகளில் அதிகம் விசாரித்துச் சேர வேண்டியதும் இதுதான். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, அனுமதி. இந்தியாவில் தொலைதூரப் படிப்பை நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை. படிப்புக்கும் கல்வியாண்டுக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கிப் பல்லாயிரம் பேரைப் பட்டதாரிகளாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் விஷயத்திலேயே, 2014-15க்குப் பிந்தைய தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் மானியக் குழு அறிவித்தது. பெரிய பெயர் என்பதால் விசாரிக்காமல் சேரக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சேரும் பருவத்துக்கான பட்டியலை மானியக் குழுவின் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்துச் சான்றிதழைச் சரிபார்க்கும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

இரண்டாவது, பாடம். பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை போன்றவற்றை இந்தியாவில் தொலைதூரத்தில் படித்துப் பட்டம் பெற முடியாது. அஞ்சல்வழிப் பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் டிப்ளோமாவோடு வேலை பார்க்கும் தம்பிகளிடம், வீட்டிலிருந்தே இரண்டு ஆண்டில் பி.இ. வாங்கித் தருகிறோம் என்று பேசுகிற முகவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலும் ஊட்டச்சத்தியலும் இந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்தபின் மனநல ஆலோசகராகலாம் என்று எண்ணி உளவியல் படிக்க விரும்பும் பெண்கள் நம்மிடையே நிறைய. பழைய விளம்பரத்தை நம்பி அவர்கள் பணம் கட்டிவிடக்கூடாது.

மூன்றாவது, தேர்வு எங்கே என்பது. இக்னோவில் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடும் பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் என்பது பொதுவான கணக்கு. இறுதித் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். தேர்வுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் விமான டிக்கெட்டும் சம்பளமில்லா விடுப்பும் சேர்ந்து அந்த மலிவுக் கட்டணத்தைப் பல மடங்காக்கிவிடும். முதலாளி விடுப்புத் தருவாரா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதனால் கட்டணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதி, சிங்கப்பூரில் இருந்துகொண்டு எந்த ஊரில், எந்த முறையில் தேர்வு எழுதுவது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வது பதிலாகாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்கு வெளியே தொலைதூரக் கல்வி மையம் நடத்த மானியக் குழு விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே இங்கே ஒரு மாடியறையில் அறிவிப்புப் பலகை மாட்டி, நாங்கள்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் மையம் என்று சொல்பவரிடம் பத்து முறை யோசித்துப் பேச வேண்டும். இணையவழிப் பட்டங்களுக்கு அந்த எல்லை கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

சரி, இவை எல்லாம் ஒழுங்காக அமைந்தால்? அனுமதியுள்ள தொலைதூர, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெற்ற பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவாகவே அறிவித்திருக்கிறது. ஊர் திரும்பித் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வு எழுத நினைப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்து அதன்பின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்பது 2009ஆம் ஆண்டு அரசாணை. பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவருக்கு அந்தக் கதவு திறக்காது.

சிங்கப்பூரில் இந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு? வெளிநாட்டுப் பட்டங்களை அங்கீகரிக்கும் மத்திய அமைப்பு என்று ஒன்றும் இங்கே கிடையாது. முதலாளிதான் முடிவு செய்கிறார். இடைநிலை ஊழியருக்கான எஸ் பாஸ் வேலை அனுமதியிலிருந்து, உயர்நிலை ஊழியருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு உயர நினைப்பவருக்கு மட்டும் கணக்குக் கொஞ்சம் வேறு. 2023 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் காம்பஸ் என்னும் புள்ளி மதிப்பீட்டு முறையில் 40 புள்ளிகள் வேண்டும். பட்டத்துக்கு 10, சில முன்னணிப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்கு 20, பட்டம் இல்லையென்றால் சுழியம். விண்ணப்பத்தில் காட்டும் பட்டம் உண்மையானது என்று சரிபார்த்த சான்றும் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சம்பளம் குறைந்தபட்ச அளவை எட்டியாக வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அது 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200, வயது ஏற ஏற இன்னும் அதிகம். பட்டம் கிடைத்தவுடன் பாஸ் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். சம்பளத்தை உயர்த்தும் வேலை அனுபவமும் பட்டமும் சேர்ந்துதான் பலன் தரும்.

நேரத்தின் கணக்கு

கட்டணத்தை எல்லாரும் விசாரிக்கிறார்கள். நேரத்தை யாரும் விசாரிப்பதில்லை. இக்னோ தன் மாணவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் ஒரு கணக்குச் சொல்கிறது: ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். அதை ஆறு மாதத்தில், அதாவது 24 வாரத்தில் படித்தால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம். அப்படி நான்கு பாடங்கள் எடுத்தால் வாரத்துக்கு இருபது மணி நேரம். வாரத்தில் ஒரே ஒரு நாள் விடுமுறை உள்ளவருக்கு இந்த இருபது மணி நேரம் எங்கிருந்து வரும்? எஸ்யுஎஸ்எஸ்ஸிலும் லண்டனிலும் சுமை இதைவிடக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

நல்லவேளையாக மூன்று இடங்களிலும் அவசரமில்லை. இக்னோவின் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை படிக்கலாம். லண்டன் பட்டங்களும் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகள். எதில் சேர்ந்தாலும், முதல் பருவத்தில் மனம் சொல்வதைவிட ஒரு பாடம் குறைவாக எடுங்கள். வீட்டில் இடமில்லை என்பவர்கள் வட்டார நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் தமிழ் நூல்களுக்கென்றே நல்ல தொகுப்பு இருக்கிறது. தமிழ் படிப்பவர்களுக்கு அது அள்ள அள்ளக் குறையாத இடம்.

தனியார் கல்வி நிலையம் வழியாக எந்த வெளிநாட்டுப் பட்டத்தில் சேர்ந்தாலும், அது தனியார் கல்விக் குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கட்டணப் பாதுகாப்புத் திட்டம் உண்டா, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் மனம் மாற ஏழு வேலை நாள் அவகாசம் எழுதியிருக்கிறதா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்று அவசரப்படுத்துகிற இடத்தில் நான் யாரையும் சேரவிடமாட்டேன்.

யாருக்கு எது

நாற்பதைத் தாண்டிய சிங்கப்பூர்க் குடிமகனா, குடிமகளா? பட்டயம் கையில் இருக்கிறதா? எஸ்யுஎஸ்எஸ்தான். மானியமும் 4,000 வெள்ளியும் சேர்ந்து வரும்போது, அதை விட்டுவிட்டு மலிவு என்று வெளிநாட்டுப் பட்டத்தைத் தேடுவதில் பொருளில்லை. சமூக சேவை, பாலர் கல்வி, மனிதவளம் போன்ற துறைகளில் இங்கேயே வேலை தேடப்போகிறவருக்கு உள்ளூர்ப் பட்டத்தைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இருக்காது.

தேசிய சேவையை முடித்துவிட்டு வேலைக்குப் போன இருபத்து நான்கு வயது இளைஞருக்கும் முதல் தேர்வு அதுவே. சுழல் ஷிஃப்டில் இருப்பவர், குழு வேலைக்கு நேரம் ஒதுக்கவே முடியாதவர், தனியாகப் படிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் லண்டன். பள்ளி மதிப்பெண் குறைவு, ஆனால் கணினியில் கை தேர்ந்தவர் என்றாலும் லண்டன்தான்.

புதுக்கோட்டையிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ வந்து எஸ் பாஸில் மேற்பார்வையாளராக இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு அனுமதியுள்ள இந்திய இணையவழிப் பட்டம் ஒன்றே செலவுக்குக் கட்டுப்படியாகும். பி.காம்., பி.பி.ஏ., கணினிப் பயன்பாடு போன்ற பாடங்களில் ஒன்றை எடுக்கலாம். ஊர் திரும்பினாலும் அது செல்லும். வளைகுடாவுக்குப் போனாலும் கையில் இருக்கும். அவருக்கு வழிகாட்ட இங்கே யாரும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் ஆயிரக்கணக்கான இளைஞர்களில் எத்தனை பேர் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வீட்டுச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்தியவர்கள்! நம் அமைப்புகள் பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் தரும் உழைப்பில் கொஞ்சத்தை, ஜூலை, ஜனவரிச் சேர்க்கைக்கு முன்னால் இந்தத் தம்பிகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு மேசைக்கு ஒதுக்கலாம். தளத்தில் அனுமதிப் பட்டியலைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் போதும்.

ஓய்வுபெற்றபின், வேலைக்காக இல்லாமல் ஆசைக்காகத் தமிழ் படிக்க விரும்புபவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்கும் மகிழ்ச்சி வேண்டுமென்றால் எஸ்யுஎஸ்எஸ். வீட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தால் போதும் என்றால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ் முதுகலை. இளங்கலைப் பட்டம் எதுவாக இருந்தாலும் சேரலாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விவரக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை என்றாலும், மானியக் குழுவின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டே பணம் கட்டுவது நல்லது.